கேஸ் மாத்திரைக்கும் எச்.ஐ.விக்கும் என்ன சம்பந்தம்?

எச்.ஐ.விக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் நான். அட்டாசனவிர், ரிட்டோனவிர் சேர்ந்த இரண்டாம் கட்ட மருந்தில் (முதலில் தந்த மருந்து சரியாகக் கேட்காதபோது மாற்றித் தருவது) இருந்த ஒருவர், "ஒரு நாள்கூட மாத்திரையை விடலை டாக்டர்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, ஏறியிருந்தது. பையைத் திறந்து காட்டச் சொன்னேன், உள்ளே மெடிக்கலில் அவராகவே வாங்கிய ஒமிப்ரசோல் என்ற கேஸ் மாத்திரை அட்டை.

இது புரிய வேண்டுமென்றால் வைரஸ் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்க்கணும்.

எச்.ஐ.வி நம் செல்லுக்குள் முழுசாகத் தயாராகி வெளியே வருவதில்லை. காக் என்று ஒரு நீளமான புரதம் இருக்கிறது. அதன் ஒரு முனையில் உள்ள கொழுப்புத் துணுக்கு செல்லின் சவ்வில் உட்புறமாகச் செருகிக்கொள்ளும், இன்னொரு பகுதி வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏவைப் பிடித்துக்கொள்ளும், நடுப்பகுதி பக்கத்திலிருக்கும் காக்குகளோடு ஆறு ஆறாகக் கோத்துக்கொள்ளும். இப்படி 2,000-க்கும் மேல் சேரச் சேர சவ்வு வெளிப்பக்கமாக மொட்டு போலப் புடைக்கிறது. மேலே முள்ளாக நிற்கும் என்வ் புரதமும் தன் வாலைக் காக்கோடு பொருத்தி அதில் இடம்பிடிக்கிறது. மொட்டைக் கிள்ளிவிடும் வேலைக்கு மட்டும் வைரஸ் நம் செல்லின் புரதங்களையே கூப்பிட்டுக்கொள்கிறது.

ஆனால் வெளியே வந்தது இன்னும் பிஞ்சுதான், யாரையும் தொற்றாது. கூடவே வந்த புரோட்டியேஸ் என்ற கத்திரி காக்கைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, வெட்டிய துண்டுகளில் ஒரு வகை மறுபடி சேர்ந்து கூம்பு மாதிரி ஒரு கூடு கட்டினால்தான் அது முற்றும். அட்டாசனவிர் அந்தக் கத்திரியின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. வைரஸ் வெளியே வரும், ஆனால் நெல்லாக இல்லை, பதராக.

சரி, ஒமிப்ரசோல் என்ன செய்தது? அட்டாசனவிர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமிப்ரசோலோ, அதே வகை கேஸ் மாத்திரையான பான்டோபிரசோலோ அமிலத்தைக் குறைத்தால், விழுங்கிய மாத்திரை ரத்தத்துக்குப் போதுமான அளவு வந்து சேராது. கத்திரி மறுபடி வெட்டத் தொடங்கும். அரைகுறை மருந்துக்கு நடுவே, கத்திரியின் வடிவத்தையே மாற்றிக்கொண்ட வைரஸ்கள் பிழைத்துப் பெருகும், அப்புறம் முழு அளவு கொடுத்தாலும் அந்த மருந்து சரியாகக் கேட்காது. எனக்குப் பயமே இதுதான்.

நல்லவேளை, அவருக்கு அந்தக் கட்டம் வரவில்லை. ஒமிப்ரசோலை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வைரல் லோடு இறங்கியிருந்தது.

இன்னொன்றும் சொல்லணும். அட்டாசனவிர் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கண் மஞ்சளாகும். பிலிரூபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை உடல் வெளியேற்றும் வேலையை அது தடுப்பதால் வருவது, பெரும்பாலும் கல்லீரல் கெட்டதால் அல்ல. காமாலை என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து தேடிப் போகாதீர்கள், சிகிச்சை மையத்துக்கு வந்து ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும், கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.