முதல் கார் பழைய காரா? இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கணக்கு

"அண்ணா, டீசல் வண்டி ஒண்ணு நல்ல ரேட்டுக்கு வந்திருக்கு, எடுக்கலாமா?" தண்டையார்பேட்டையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிற எனக்கு வாட்ஸ்அப்பில் அதிகம் வரும் கேள்வி இது. கூடவே நாலு போட்டோ வரும், பானட் பளபளவென்று இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க? பெரும்பாலும் பதில் வராது. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று விசாரிப்பவர்கள், தாங்கள் எவ்வளவு ஓட்டப் போகிறோம் என்று யோசிப்பதில்லை.

வீடு ராயபுரம், வேலை பாரிமுனை, ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடு என்று வைத்துக்கொண்டால் மாதம் 500 கிலோமீட்டர் ஓடலாம். டிராஃபிக்கில் லிட்டருக்குப் பெட்ரோல் வண்டி 14 கிலோமீட்டர், டீசல் வண்டி 18 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைப்போம். விலையில் லிட்டருக்கு எட்டு ஒன்பது ரூபாய்தான் வித்தியாசம் என்று வைப்போம். பெட்ரோலை 101, டீசலை 92 என்று போட்டால், பெட்ரோலுக்கு மாதம் சுமார் 3,600 ரூபாய், டீசலுக்கு 2,550. மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். பழைய டீசல் வண்டியில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவோ ஒருமுறை கைவிட்டால் இந்த மிச்சம் இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்ந்தாற்போல் காலி. அதே ஆள் மாதம் 1,500 கிலோமீட்டர், அதுவும் பாதிக்கு மேல் ஹைவேயில் ஓட்டுகிறார் என்றால் கணக்கு தலைகீழ். அவரை நானே டீசல் பார்க்கச் சொல்வேன்.

பணக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். கொஞ்ச தூரம் ஓட்டுவதே டீசல் இன்ஜினுக்கு ஆகாது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு, பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்க டி.பி.எஃப். என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து போக வேண்டுமானால் சைலன்சர் லைன் நன்றாகச் சூடேற வேண்டும், அதற்கு வண்டி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். திருவொற்றியூர் ஹைரோட்டில் எங்கே சீராக ஓட்டுவது? முன்னால் கன்டெய்னர் டிரெய்லர், பக்கத்தில் ஷேர் ஆட்டோ.

மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, வீடு திருவொற்றியூர். 2021 மாடல் டீசல் எடுத்திருந்தார். டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிகிறது, பிக்கப் இல்லை என்று வந்தார். டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தால், ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. விரலில் தேய்த்தேன், வழவழப்பு இல்லை, டீசல் வாடை. கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் தெளிக்கும், பாதியிலேயே வண்டியை நிறுத்திவிட்டால் அது எரியாமல் ஆயிலில் இறங்கும். ஆயில் குறைந்தால் பயப்படுகிற நாம், இதில் ஏறினாலும் பயப்பட வேண்டும். ஸ்கேனர் போட்டு ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றிக் கொடுத்தேன். இப்போது அவ்வப்போது மீஞ்சூர் – வண்டலூர் வெளிவட்டச் சாலையில் சும்மா ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருகிறார். டீசலைக் காப்பாற்ற டீசல் செலவு!

அதற்கு முந்தைய பி.எஸ்.4 காலத்து ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் டீசல்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அந்த 1248 சிசி இன்ஜினை மூடிய கண்ணோடு வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு, புதுப்பேட்டையில் சாமான் கிடைக்கும். ஆனால் மாருதி டீசலை நிறுத்தியதே 2020-ல். அதில் கடைசி வண்டிக்கும் வயசாகிவிட்டது. அப்புறம், 2000 ஆர்.பி.எம்.-க்குக் கீழே அந்த டர்போ தூங்கும். புதிதாக ஓட்டுகிறவர் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் அரை கிளட்சிலேயே ஓட்டி, கிளட்ச் பிளேட்டைத் தீய்த்துக்கொண்டு வருவார். முதல் காருக்கு இது தேவையா?

டெல்லி நம்பர் டீசல் விலை குறைவாக வந்தால் இன்னும் உஷார். அந்த வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கு வந்த கெடுபிடியால் தள்ளிவிடப்படுகிற வண்டிகள் அவை. அங்கே என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் குறைந்த விலை குறைந்ததாக இருக்காது.

ஆக, இந்தப் பக்கத்தில் குடியிருந்து முதல் கார் வாங்கும் பலருக்கு டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல்தான் என் சிபாரிசு. அதிலும் 1.0 லிட்டர் இன்ஜினா 1.2 லிட்டரா என்பதை வீட்டில் எத்தனை பேர் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். 2019-க்குப் பிந்தைய வேகன் ஆரில் 998 சிசி மூன்று சிலிண்டர், 1197 சிசி நான்கு சிலிண்டர் என இரண்டும் உண்டு. இருவர் மூவர் என்றால் சின்னதே போதும். ஐந்து பேர் ஏறி, ஏ.சி. போட்டு மூலக்கடை மேம்பாலம் ஏறும்போதுதான் பெரியதன் அருமை தெரியும். டர்போ பெட்ரோல் ஓட்ட ஜோராக இருக்கும். ஆனால் முந்தைய ஓனர் ஆயிலை நேரத்துக்கு மாற்றியதற்கு பில் இல்லையென்றால் தொடாதீர்கள். பழைய பெட்ரோல் வண்டியில் எரிபொருள் ரப்பர் குழாய்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது.

சி.என்.ஜி. மோசமில்லை, கம்பெனி ஃபிட்டிங்காக இருந்தால். வெளியே போட்ட கிட் என்றால் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் ஏறாத கிட்டோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் இழுபறிதான்.

எந்த இன்ஜினாக இருந்தாலும் காலையில், ஸ்டார்ட் பண்ணாத வண்டியைப் போய்ப் பாருங்கள். முதலில் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் விற்கிறவர் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்படலாம். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால், அடியில் காபி கலரில் குழைவாக ஒட்டியிருக்கிறதா? கிளம்பிவிடுங்கள்.

2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகள் பல. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், கறைக் கோடு தெரியும். ஸ்டெப்னி குழியில் காய்ந்த சேறு, சீட்டுக்கு அடியில் அது நகரும் ரெயிலில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். காசிமேடு, எண்ணூர்ப் பக்கத்து வண்டி என்றால் உப்புக்காற்றில் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கும், அதனால் துருவை மட்டும் வைத்து வெள்ளத்து வண்டி என்று முடிவு கட்ட முடியாது. கறைக்கோடும் சேறும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டு எரிபொருள் வகை, எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் ஏறியிருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். பி.எஸ்.6 டீசலாக இருந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் டி.பி.எஃப்.-இல் எவ்வளவு கரி இருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்கேனர் போட விடமாட்டேன் என்று புரோக்கர் அடம்பிடித்தால், சரி, அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.