ஏசி பெட்ரூமுக்குப் புதுக் காற்று: இழுப்பதா, தள்ளுவதா?

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைத் துளிகூட உள்ளே கொண்டுவராது. இரண்டு யூனிட்டுக்கும் நடுவே போய்வருவது செம்புக் குழாயில் இருக்கும் கேஸ் மட்டும்தான், அறைக்காற்று அறைக்குள்ளேயே சுற்றுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு பெட்ரூமில் இரண்டு பேர் தூங்கினால் மணிக்குச் சுமார் 25 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு சேரும். அறை முழுக்க அடைபட்டிருந்தால் அதுவே மணிக்கு 700 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 700 பங்கு) ஏற்றம், வெளிக்காற்றில் மொத்தம் இருப்பதே 420 சொச்சம்தான். 1000-ஐத் தாண்டினால் அந்த அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று மியூனிக்கின் சுகாதார விஞ்ஞானி பெட்டன்கோஃபர் 1858-லேயே சொல்லிவிட்டார். ஏர் ப்யூரிஃபையர் தூசியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைத் தொடாது.

ஜன்னலைத் திறக்கலாமே என்றால், வடசென்னையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கன்டெய்னர் லாரிப் புகையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பலரும் செய்வது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது. அது உள்காற்றை வெளியே இழுக்கும்போது அறையில் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறையை நிரப்பக் காற்று கதவிடுக்கு, பாத்ரூம், மாடிப்படி என்று கிடைத்த வழியெல்லாம் நுழைகிறது, எதிலும் ஃபில்டர் கிடையாது. இதைத் திருப்பிப் போட்டால், அதாவது ஃபில்டர் வைத்த ஒரு சின்ன ஃபேன் காற்றை உள்ளே தள்ளினால், அறையில் அழுத்தம் லேசாகக் கூடி இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேறும், தூசி நுழையாது. நம் பக்கத்துக்கு இதுதான் சரி என்பேன்.

செலவு வருவது ஈரப்பதத்தில். சென்னைப் புழுக்கத்தில் ஒரு கனமீட்டர் வெளிக்காற்றில் 22, 23 கிராம் நீராவி இருக்கும், ஏசி அறையில் 12 கிராம் போல. மணிக்கு 30 கனமீட்டர் உள்ளே விட்டால் ஏசி கூடுதலாகக் கிட்டத்தட்ட 300 மில்லி தண்ணீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். உள்ளே வரும் இந்தக் காற்றின் வெப்பத்தைக் குறைப்பதைவிட அதிலுள்ள தண்ணீரைப் பிரிக்கத்தான் ஏசி அதிகம் உழைக்கிறது. ஈஆர்வி என்று விற்கும் கருவியில் உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் ஒரு மெல்லிய படலத்தின் இரு பக்கமும் கலக்காமல் ஓடும், வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு பகுதி படலம் வழியாகத் தாவி வெளியே போகிற காற்றோடு போய்விடும். நல்ல கருவிதான், ஆனால் விலையும் அதிகம், குழாய் வேலையும் அதிகம். வெப்பத்தை மட்டும் மாற்றும் எச்ஆர்வியை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது குளிர்நாட்டுக்கு.

ஃபேனுக்கான துளையை எங்கே போடுவது? சாலையைப் பார்த்த சுவரில் வேண்டாம், பக்கத்து வீட்டு ஏசி யூனிட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் அருகிலும் வேண்டாம், பீமைத் தொடவே கூடாது. திருவொற்றியூரில் மதியக் கடற்காற்று கிழக்கிலிருந்து சுத்தமாக வரும், இரவில் தரைக்காற்று மேற்கே தொழிற்சாலைகள் உள்ள மணலிப் பக்கத்திலிருந்து திரும்பும். எனவே இடமிருந்தால் கிழக்குச் சுவர்.

ஹெப்பா ஃபில்டர் நுண்துகளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கார்பன் அடுக்கு சில நாற்றங்களைக் குறைக்கும், அம்மோனியா அதற்கும் பெரிதாக மசியாது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தது போன்ற இரவில் இந்த ஃபேனை உடனே அணைத்தாக வேண்டும். அதனால் சுவிட்சைப் பரண் மேல் மாட்டாமல் படுக்கையிலிருந்து கையெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.