பிரசவத்துக்குப் பின் கருத்தடை முறையை மாற்றுதல்: உடலில் நடப்பது என்ன?

குழந்தை பிறந்தபின் வரும் முதல் மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் முன்பே சூலகத்திலிருந்து முதல் கருமுட்டை வெளியேறிவிடக்கூடும். ஆகவே, ‘இன்னும் தீட்டே வரவில்லையே’ என்று நிம்மதியாக இருக்கும் பெண் மாதவிலக்கைக் காணாமலேயே மறுபடியும் கருவுற முடியும். தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்குப் பிரசவமான நான்காவது வாரத்திலேயே கருமுட்டை வெளியாகலாம் என்பதால், 21ஆம் நாளிலிருந்தே அவர்களுக்குப் பாதுகாப்பு தேவை.

தாய்ப்பால் கொடுப்பவர்களின் நிலை வேறு. குழந்தை சப்பும்போது மார்புக்காம்பிலிருந்து புறப்படும் நரம்புத் தூண்டல் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை எட்டுகிறது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் பெருகிப் பால் சுரக்கிறது. சூலகத்தை இயக்கும் ஹார்மோன்களின் சீரான துடிப்பு குலைந்து, கருமுட்டை முதிர்வது தடைபடுகிறது. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருத்தல், தாய்ப்பால் மட்டுமே உணவாக இருத்தல், மாதவிலக்கு திரும்பாதிருத்தல் ஆகிய மூன்றும் ஒருசேரப் பொருந்தும்வரை இந்த இயற்கைத் தடை 98 விழுக்காடு பலன் தரும். ஆனால் அது ஓயாத சப்பலால் மட்டுமே நிற்கும் தடை. பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழுந்தாலே தளர்ந்துவிடும். குழந்தை இரவு முழுதும் அயர்ந்து தூங்கத் தொடங்குவது வீட்டாருக்கு ஆறுதல்தான்; தாயின் சூலகத்துக்கோ அது விழித்தெழுவதற்கான அறிகுறி.

ஆறாம் மாதத்தில் குழந்தைக்குச் சோறூட்டுகிறோம். சட்டப்படியான 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து தாய் வேலைக்குத் திரும்புவதும் பெரும்பாலும் அப்போதுதான். இரண்டும் சேர்ந்து பால் கொடுக்கும் வேளைகளைக் குறைத்துவிடுகின்றன. எனவே வேறு முறைக்கு மாறுவதை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

ஆறாம் மாதத்தில் தகுந்த முறை ஆறாம் வாரத்திலும் தகுந்ததாக இருக்க வேண்டியதில்லை. பிரசவத்தில் ஏற்படும் இரத்தப்போக்கைச் சமாளிக்க, கர்ப்ப காலத்திலேயே இரத்தத்தின் உறையும் திறன் கூடிவிடுகிறது. அது பழைய நிலைக்குத் திரும்ப ஆறு வாரங்கள் வரை ஆகும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் இதே திறனைக் கூட்டுவதால், அது கலந்த மாலா-என் போன்ற மாத்திரைகளை இந்தக் காலத்தில் எடுத்தால் காலின் ஆழமான இரத்தக் குழாய்களிலும் நுரையீரலிலும் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து மிகும். பால் சுரப்பு குறையக்கூடும் என்பதால், தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம்வரை அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, ஹார்மோன் அல்லாத சாயா மாத்திரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை என்பது அதன் கணக்கு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் கருப்பையில் பொருத்தும் காப்பர்-டியும் தாய்ப்பாலைப் பாதிப்பதில்லை. ஆனால் விரிந்திருக்கும் கருப்பை சுருங்கும்போது அது நழுவி வெளியேற வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், ஆறாம் வாரப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறும் அந்தச் சில நாட்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை உயிருடன் இருக்கக்கூடியது. காப்பர்-டி இருக்கும்வரை தாமிர அயனிகள் அதை முடக்குகின்றன. எடுத்த கணமே அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மாலா-என் போன்ற மாத்திரை சூலகத்தை முழுதாக அடக்க ஏழு நாட்கள் ஆகலாம். ஆகவே காப்பர்-டியை எடுப்பதற்கு ஏழு நாட்கள் முன்பே மாத்திரையைத் தொடங்குவது, அல்லது முந்தைய ஏழு நாட்களும் மாத்திரை பலன் தரும் வரையிலும் ஆணுறை பயன்படுத்துவது தேவையாகிறது. மாத்திரையிலிருந்து கருத்தடை ஊசிக்கு மாறுபவர் அட்டையிலுள்ள ஏழு இரும்புச்சத்து மாத்திரைகளை முடித்துவிட்டு, மாதவிலக்குக்காகவும் காத்திருந்து போனால், ஹார்மோன் இல்லாத நாட்கள் நீண்டு கருமுட்டை வெளியாகிவிடலாம். ஹார்மோன் மாத்திரை தீர்ந்த மறுநாளே ஊசி போடுவது மேல்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியைத் தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆறு வாரத்துக்குப் பிறகே தொடங்க வேண்டும். அடுத்த ஊசிக்கான தேதிக்குள் புதிய முறை தொடங்கியிருக்க வேண்டும். இதில் ஒரு முரண்பாடு உண்டு: தேதி தவறினால் பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை, அதே சமயம் குழந்தை வேண்டுமென்று நிறுத்துபவருக்கோ, கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்கச் சராசரியாக ஏழு முதல் பத்து மாதங்கள் ஆகலாம். விரைவில் அடுத்த குழந்தையை விரும்புபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசி போடுவது நியாயமன்று.

தமிழ்நாட்டில் பலர் இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதால், முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றிய பேச்சு குறைந்துபோகிறது. தடுப்பூசி அட்டவணையும் இங்கே ஒரு வெற்றிடம் விடுகிறது: 6, 10, 14ஆம் வாரங்களில் குழந்தையுடன் சுகாதார நிலையத்துக்குப் போகும் தாய், அதன்பின் வழக்கமாக ஒன்பதாம் மாதத்தில்தான் மறுபடி போகிறார். பால்வழிப் பாதுகாப்பு முடியும் ஆறாம் மாதம் இவ்விரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அடுத்து எந்த முறை, எந்தத் தேதியில் என்பதை 14ஆம் வாரத் தடுப்பூசி நாளிலேயே செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு, தன் இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி போன்றவற்றையும் சொல்லி முடிவுசெய்துகொள்ளலாம்.