சுண்ணாம்பு பட்ட கண்ணில் தண்ணீர் விடலாமா?

போன வாரமும் ஒரு குழந்தை. நான்கு வயது. தாத்தாவின் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பு பாக்கெட்டை எடுத்து அமுக்கியிருக்கிறான். மூலை பிய்ந்து வலது கண்ணில் பீச்சிவிட்டது. என்னிடம் வரும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேல் இமையைப் புரட்டினால், உள்ளே மாவு போல அப்படியே அப்பிக்கிடக்கிறது.

"கண்ணைக் கழுவினீங்களா?"

"இல்லீங்க டாக்டர். சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்னு எங்க அத்தை சொன்னாங்க. பக்கத்து வீட்ல தாய்ப்பால் வாங்கி ரெண்டு சொட்டு விட்டோம்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அத்தையையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்து வளர்ந்தவர். சுட்ட கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் குபுகுபுவென்று கொதித்து ஆவி பறக்கும்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? 'பிணைப்பு உடைவதால்' என்று வேதியியல் படித்தவர்களே சொல்கிறார்கள். ஐயா, பிணைப்பை உடைக்கச் சூடு செலவாகும், வராது. கல்லைச் சுடும் காளவாயில் 900 டிகிரி அளவுக்கு எரிப்பது பின்னே எதற்கு? சுண்ணாம்புக்கல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிய்த்தெடுக்கத்தான். 100 கிராம் சுத்தமான கல்லுக்கு 178 கிலோஜூல் சூடு (ஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) அதற்கே போய்விடும். மிஞ்சும் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் புதுப் பிணைப்புகள் உண்டாகின்றன. பழையதைப் பிரிக்க ஆன செலவு போக, நிகர வரவு சுமார் 65 கிலோஜூல். தொட்டி கொதிப்பது இந்த வரவில்.

இது ஒரே முறை வருகிற வரவு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஏற்கெனவே நீற்றியது. அதன் சூடு பாக்கெட்டுக்குள் போவதற்கு முன்பே ஆறிப்போயிற்று. இனி குடம் குடமாக ஊற்றினாலும் கொதிக்காது.

சரி, நீற்றாத சுண்ணாம்பே விழுந்ததென்று வையுங்கள். கண் என்ன காய்ந்த தரையா? கண்ணீர் எப்போதும் அங்கே இருக்கிறது. நீங்கள் ஊற்றாவிட்டாலும் வினை நடக்கும். 0.1 கிராம் துகள் தருவது 116 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டால் 0.03 டிகிரிகூடச் சூடேறாது. அதே 116 ஜூல் இரண்டு சொட்டில் இறங்கினால் என்னாகும்? கொஞ்சமாக விடுவதுதான் ஆபத்து. நீங்கள் விட்ட தாய்ப்பாலிலும் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே அம்மா!

சூடு போனாலும் சுண்ணாம்பின் காரம் போகாது (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்). கருவிழியை அரிப்பது அதுதான். ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். (சிவந்த கண்ணைப் பார்த்து வீட்டார் பதறுவார்கள். எங்களுக்குப் பயம், சிவக்காமல் வெளுத்துக் கிடக்கும் கண்தான். அங்கே ரத்த ஓட்டமே நின்றிருக்கும்.)

ஆகவே, முகத்தில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு, உடனே குழாயடிக்குப் போங்கள். இமையை விரித்துப் பிடித்து, அடிபட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, குறைந்தது அரை மணி நேரம் தண்ணீர் ஓடட்டும். குழந்தை கத்தும், கத்தட்டும். கசக்க விடாதீர்கள். எலுமிச்சை விட்டு 'முறிக்க' வேண்டாம். அமிலமும் காரமும் சேர்ந்தாலும் சூடு வரும். விளக்கெண்ணெய், தேன், எதுவும் வேண்டாம். கழுவிய பிறகே ஆட்டோ தேடுங்கள். காரம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் பிஎச் தாள் வைத்துப் பார்த்து, இமைக்கடியில் ஒளிந்திருக்கும் துணுக்குகளை எடுப்பது எங்கள் வேலை.

தாத்தா பாட்டிமாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வெற்றிலையை விடச் சொல்லி இன்று நான் சண்டைக்கு வரவில்லை. அந்தப் பாக்கெட்டை மட்டும் இறுக மூடும் டப்பாவில் போட்டு, பேரனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.