மறைத்தால் மட்டும் சஸ்பென்ஸ் வராது

படத்தொகுப்புக்கு வரும் புதிய இயக்குநர்களில் பலர், பார்வையாளருக்கு எதையும் தெரியவிடாமல் கடைசியில் போட்டு உடைப்பதுதான் சஸ்பென்ஸ் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை நல்ல காட்சிகளைப் பாழாக்குவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த், பால்சாக்கின் கதையொன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட நூலில், கதையை இயக்கும் ஐந்து குறியீடுகளைச் சொன்னார். எங்கள் வேலைக்கு அவற்றுள் இரண்டு முக்கியம். கேள்வியை எழுப்பி விடையைத் தள்ளிப்போடுவது புதிர்க் குறியீடு. தொடங்கிய செயல் எங்கே போய் முடியுமோ என்று காத்திருக்க வைப்பது செயல் குறியீடு. 1954இல் வெளியான ‘அந்த நாள்’ முதல் குறியீட்டுக்குச் சிறந்த பாடம். தொடக்கத்திலேயே நாயகன் சுடப்பட்டு விழுகிறான். சுட்டது யார் என்ற ஒரே கேள்வி, ஒரு பாடல்கூட இல்லாத அந்தப் படத்தை இறுதிவரை இழுத்துச் செல்கிறது.

இரண்டாவதற்கு ஹிட்ச்காக்கின் ‘நொடோரியஸ்’ (1946) விருந்துக் காட்சியைப் பாருங்கள். கூடம் முழுவதையும் உயரத்திலிருந்து காட்டும் கேமரா, மெல்ல இறங்கி, நாயகியின் கைக்குள் இருக்கும் சிறு சாவியில் வந்து நிற்கிறது. கணவனின் சாவிக்கொத்திலிருந்து அவள் எடுத்த நிலவறைச் சாவி அது என்பது நமக்கு முன்பே தெரியும். ஷாம்பெய்ன் தீர்ந்துபோனால் அவன் நிலவறைக்குப் போக வேண்டிவரும் என்பதும் தெரியும் என்பதால், பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய நமக்குப் பதறுகிறது. நிலவறைக்குள் என்ன இருக்கிறது என்பது மறைக்கப்பட்டிருந்தாலும், அந்தப் பதற்றம் அதனால் வருவதன்று.

நான் தொகுத்த குறும்படம் ஒன்றில், இரவில் தனியாக வீடு திரும்பும் பெண் விளக்கைப் போட்டதும் உள்ளே ஒருவன் உட்கார்ந்திருப்பான். முதல் திரையிடலில் பார்த்தவர்கள் ஒரு நொடி திடுக்கிட்டதோடு சரி. கொல்லைக் கதவோரம் கழற்றிக் கிடக்கும் ஆண் செருப்பின் ஷாட், அவன் தெரிந்த பிறகு வந்தது. அதைத் தூக்கி, அவள் வாசலில் நின்று கைப்பையில் சாவியைத் துழாவும் ஷாட்டுக்கு முன்னால் வைத்தோம். துழாவுவதில் நீளம் என்று நான் வெட்டியிருந்த ஒன்பது நொடிகளையும் திரும்பச் சேர்த்தோம். புதிதாக எதையும் படமாக்கவில்லை. அடுத்த திரையிடலில், அந்த ஒன்பது நொடியும் அறையில் ஒருவரும் அசையவில்லை.