45 என்று விடை எழுதிய இரண்டு பிள்ளைகள்

‘எங்கள் மாணவர்கள் டேப்லெட்டில் தேர்வு எழுதுகிறார்கள், மதிப்பெண் மேலிடத்துக்குப் போய்விடுகிறது. எங்களுக்குத் தரும் பயிற்சிக்கு அதனால் என்ன பயன்?’ என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார். மதிப்பெண்ணால் பெரிய பயன் இல்லை. தவறான விடைகளில்தான் விஷயமே இருக்கிறது.

52-இலிருந்து 17 போனால் 35. இரண்டு பிள்ளைகள் 45 என்கிறார்கள். கவனக்குறைவு என்று அடித்துவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் முதல் பிள்ளை மேல், கீழ் பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது: 7-இல் 2 போக 5, 5-இல் 1 போக 4. இரண்டாம் பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்குகிறது: 12-இல் 7 போக 5. கடன் கொடுத்த 5 இனி 4 என்பதுதான் அதற்குத் தெரியவில்லை, 5-இல் 1 போக 4 என்கிறது. விடை ஒன்று, கோளாறு இரண்டு.

இப்போது 17-ஐ 18 ஆக்குங்கள். முதல் பிள்ளை 46 என்னும், இரண்டாம் பிள்ளை 44 என்னும். சரியான விடை 34. ஒரே ஓர் இலக்கத்தை மாற்றியதும் இருவரும் தனித்தனியே தெரிகிறார்கள்! ஏன்? கடன் வாங்க வேண்டிய கணக்கில், ஒன்றின் இடத்து இலக்கங்களுக்குள் உள்ள வித்தியாசத்தை முதல் பிள்ளை அப்படியே எழுதுகிறது, இரண்டாம் பிள்ளை 10-இல் அந்த வித்தியாசம் போக மிச்சத்தை எழுதுகிறது. வித்தியாசம் 5 என்றால், 10-இல் 5 போனாலும் 5தான். இரண்டு பிழைகளும் ஒரே எண்ணில் வந்து விழும். வேறு எந்த வித்தியாசமானாலும் பிரிந்துவிடும். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சரி, 34, 44, 46, 54 என நான்கு தெரிவுகள் கொடுத்தால், யார் எதைத் தொட்டார் என்பதைக் கணினி குறித்துவைக்கிறது. தெரியாதவர்கள் குருட்டாம்போக்கில் தொட்டிருந்தால் மூன்று தவறுகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கும். 46-இல் மட்டும் கூட்டம் குவிந்தால் அங்கே ஒரு புரிதல் கோளாறு இருக்கிறது. ஒரு கேள்வியை வைத்து முடிவுகட்டக் கூடாது. இதே வகையில் நான்கைந்து வேண்டும்.

பயிற்சிக்கு இதை முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் ‘பக்கி’ என்றொரு கணினி விளையாட்டு வருகிறது. கணினி, தப்பாகக் கணக்குப் போடும் மாணவனாக நடிக்கும். பயிற்சி ஆசிரியர் கணக்குகள் கொடுத்து, பிழையின் விதியைக் கண்டுபிடித்து, அந்த மாணவன் போடுவது போலவே தானும் தப்பாகப் போட்டுக் காட்ட வேண்டும். பிலிப் சாட்லரும் குழுவினரும் 2013-இல் 181 அறிவியல் ஆசிரியர்களிடம், மாணவர்கள் எந்தத் தவறான விடையை அதிகம் தேர்வார்கள் என்று கேட்டார்கள். சரியான விடையோடு அதையும் சொல்லத் தெரிந்தவர்களின் மாணவர்கள் பொதுவாகக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

கருவிகள் வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியாவது நல்ல கேள்விகள் எழுதப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 17-க்கும் 18-க்கும் உள்ள வேறுபாட்டை எந்த டேப்லெட்டும் தானாகக் கொண்டுவராது. இந்தத் தரவை வைத்து ஆசிரியர்களைத் தரவரிசைப்படுத்துவதையும் நான் ஏற்கவில்லை. பயம் வந்துவிட்டால் பிள்ளைகளின் தவறுகளைக் காட்டாமல் மறைக்கத்தான் தோன்றும்.

கேள்வி கேட்ட ஆசிரியருக்கு: அடுத்த பயிற்சியில், எந்தத் தெரிவை எத்தனை பேர் தொட்டார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். அதைப் பார்ப்பதற்கு முன், எந்தத் தவறில் உங்கள் வகுப்பு குவிந்திருக்கும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் திறந்து பாருங்கள்.