கவலை தீர்ந்த பிறகும் தூக்கம் வராதது ஏன்?

ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் புரட்டும் கவலையில் நாலு நாள் தூக்கம் கெடுவது இயல்பு. ஆனால் கட்டணம் கட்டி ரசீது வாங்கி, ஆகஸ்ட் மாதமே வந்துவிட்டது. இன்னும் ராத்திரி 1 மணி வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறோம் என்றால், அங்கே விஷயம் மாறிவிட்டது. கவலை தொடங்கிவைத்ததை வேறு ஏதோ ஒன்று நடத்திக்கொண்டிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980களில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: எளிதில் விழித்துக்கொள்ளும் சுபாவம், தூக்கத்தைக் கெடுத்த நிகழ்வு, அதற்குப் பிறகு தொற்றிக்கொண்ட பழக்கங்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. மூன்றாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மையை ஓட்டுவதும் அதுதான்.

பழக்கம் என்றால் கெட்ட பழக்கம் இல்லை. நேற்று தூங்கவில்லையே என்று இன்று 9 மணிக்கே படுப்பது, ஞாயிற்றுக்கிழமை 8 மணி வரை படுக்கையில் கிடப்பது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கண்ணயர்வது. யாருக்கும் தோன்றும் நியாயமான பரிகாரங்கள்தான் இவை. ஆனால் தூக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால், இவை ஏன் எதிராகப் போகின்றன என்பது புரியும்.

1982ல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. தூக்கத்தை இரண்டு விசைகள் கொண்டுவருகின்றன. முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்கிறது, அது சேரச் சேரக் கண் சொக்குகிறது, தூங்கும்போது கரைகிறது. இது பசி மாதிரி. சாயங்காலம் 6 மணிக்கு முறுக்கும் பஜ்ஜியும் சாப்பிட்டவருக்கு ராத்திரி இட்லி இறங்காது. மதியம் ஒரு மணி நேரம் தூங்கியவருக்கும், காலை 8 மணிக்கு எழுந்தவருக்கும் ராத்திரி 10 மணிக்குப் போதுமான அழுத்தம் சேர்ந்திருக்காது. இரண்டாவது விசை உடல் கடிகாரம். எழும் நேரமும் காலை வெளிச்சமும்தான் அதற்கு முக்கியச் சாவி. எழும் நேரம் தினமும் மாறினால் கடிகாரம் தடுமாறுகிறது.

விடிகாலை 3 மணி விழிப்புக்கும் விடை இங்கேதான். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியில் முடிந்துவிடும். பின்பாதியில் தூக்கம் இலேசாகிறது, கனவு அதிகமாகிறது, அழுத்தம் பெருமளவு செலவாகியிருக்கிறது. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று தூக்கம் ஓடுவதால், சுற்றுகளுக்கு இடையே ஓரிரு நிமிடம் விழிப்பது எல்லோருக்கும் உண்டு. நிம்மதியாக இருப்பவர் புரண்டு படுத்து அதை மறந்துவிடுகிறார். கவலையில் இருப்பவர் மணி பார்க்கிறார். ‘இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு’ என்ற கணக்கு ஓட ஆரம்பித்ததும் இதயத் துடிப்பு கூடுகிறது, உடம்பு எச்சரிக்கை நிலைக்குப் போகிறது. அதற்குப் பிறகு தூக்கம் வராமல் இருப்பதுதான் உடம்பின் சரியான நடவடிக்கை.

இதே பல வாரம் நடந்தால் மூளை இன்னொன்றையும் கற்றுக்கொள்கிறது: படுக்கை என்றால் விழித்திருந்து தவிக்கும் இடம். சோபாவில் டிவி முன்னால் கண் சொருகும். எழுந்து போய்த் தலையணையில் தலை வைத்ததும் பளிச்சென்று விழிப்பு வரும். இந்த அடையாளம் இருந்தால் உங்கள் பிரச்சினை பழக்கத்தின் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இதற்கான சிகிச்சை மாத்திரை அல்ல. தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் ‘தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ என்ற முறையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல் பரிந்துரைத்தது. வழக்கமாக 4 முதல் 8 அமர்வுகளில் முடியும். அதன் இரண்டு முக்கியப் பாகங்களை வீட்டிலேயே தொடங்கலாம்.

முதல் பாகம், படுக்கை நேரத்தைச் சுருக்குவது. கேட்டதும் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். அதிகம் பலன் தருவதும் இதுதான். முதலில் ஒரு வாரம் நோட்டில் குறிக்க வேண்டும்: விளக்கணைத்த நேரம், தூங்க எவ்வளவு நேரமானது, நடுவில் விழித்திருந்தது எவ்வளவு, கடைசியாக எழுந்தது எப்போது. இதைக் காலையில் எழுந்த பிறகு மதிப்பாக எழுதினால் போதும். ராத்திரி மணி பார்த்து எழுதக் கூடாது. கைக்கடிகாரச் செயலியின் கணக்கையும் நம்ப வேண்டாம். அசையாமல் விழித்துக் கிடப்பதைப் பல நேரம் அது தூக்கமாக எண்ணிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ராத்திரி 10 மணிக்குப் படுத்து காலை 6.30க்கு எழுகிறார். படுக்கையில் இருந்தது 510 நிமிடம். வாரச் சராசரியில் தூங்கியது 340 நிமிடம். 340ஐ 510ஆல் வகுத்தால் 67 சதவீதம். படுக்கையில் மூன்றில் ஒரு பங்கு நேரம் தவிப்பு. இனி இவருக்குப் படுக்கை நேரம் 340 நிமிடம்தான், அதாவது 5 மணி 40 நிமிடம். எழும் நேரத்தைத்தான் முதலில் உறுதி செய்ய வேண்டும்: இவருக்குக் காலை 5.30 என்று வைப்போம். அதிலிருந்து பின்னால் எண்ணினால் படுப்பது ராத்திரி 11.50. அதுவரை கண் எரிந்தாலும் படுக்கக் கூடாது, 5.30க்குப் பிறகு ஒரு நிமிடம்கூடப் படுக்கையில் இருக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து மறுபடி கணக்கு. 85 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவரலாம், 11.35. 80க்கும் 85க்கும் நடுவில் என்றால் அப்படியே விட வேண்டும். 80க்குக் கீழே போனால் 15 நிமிடம் குறைக்க வேண்டும். ஆனால் எக்காரணம் கொண்டும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

முதல் பத்து நாள் கஷ்டம்தான். பகலில் தூக்கம் அழுத்தும். அந்த நாட்களில் சென்னையின் ஓஎம்ஆர் சாலையில் பைக் ஓட்டிப் போவதைத் தவிர்த்து, பேருந்திலோ ரயிலிலோ போவது நல்லது. தொழிலாக வண்டி ஓட்டுபவர்கள், உயரத்திலோ இயந்திரத்திலோ வேலை செய்பவர்கள், வலிப்பு நோயோ பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோயோ உள்ளவர்கள், தூக்கத்தில் நடப்பவர்கள், கர்ப்பிணிகள் இதை மருத்துவர் துணையில்லாமல் செய்யக் கூடாது.

முறை தோற்பதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. 9.30 சீரியல் ஓடும்போது சோபாவில் 20 நிமிடம் கண்ணயர்வது. நாள் முழுக்கச் சேர்த்த அழுத்தம் அங்கேயே வடிந்துவிடும். அந்த நேரத்தில் உட்காராமல் பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, நாளைய காய் நறுக்குவது என்று நின்றபடி செய்யும் வேலைகளை வைத்துக்கொள்வது உதவும். இன்னொரு காரணம் ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க 5.30க்கு எழுந்துவிட்டு ஞாயிறு 8 வரை தூங்கினால், திங்கள் ராத்திரி வரை அதன் விளைவு இருக்கும்.

இரண்டாவது பாகம், படுக்கை என்றால் தூக்கம் என்று மூளைக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது. இதை 1972ல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தார். கண் சொக்கினால்தான் படுக்க வேண்டும். உடம்பு அசதியாக இருப்பது மட்டும் போதாது. சுமார் 15, 20 நிமிடம் ஆனது போலத் தோன்றினால் எழுந்துவிட வேண்டும். மணி பார்க்காமல், தோராயமாக. மறுபடி கண் சொக்கும்போது திரும்பி வர வேண்டும். ஒரே இரவில் நாலைந்து முறை எழ வேண்டி வந்தாலும் எழத்தான் வேண்டும்.

‘வேறு அறைக்குப் போங்கள்’ என்று புத்தகங்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. சென்னையில் ஒற்றை அறை வீட்டில் நாலு பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் இடத்தில் என்ன செய்வது? மூளைக்குத் தேவை இன்னொரு அறை அல்ல, இன்னொரு நிலை. பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, முதுகைச் சாய்த்து உட்காரலாம். சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மாலையிலேயே போட்டு வைக்கலாம். மங்கலான விளக்கில் ஏற்கெனவே படித்த பழைய வாரப் பத்திரிகை, தேங்காய் நார் பிரிப்பது, வெந்தயக் கீரை ஆய்வது, இப்படி எப்போது வேண்டுமானாலும் பாதியில் விடக்கூடிய வேலை வேண்டும். போன் வேண்டாம். போனின் வெளிச்சத்தைவிட, அதில் வரும் செய்தியும் கடன் தவணை நினைவூட்டலும்தான் அதிகம் கெடுக்கும். சுவர்க் கடிகாரத்தை ராத்திரிக்குத் திருப்பி மாட்டிவிடுங்கள்.

சரி, கவலையை என்ன செய்வது? ‘கவலைப்படாதே’ என்று தனக்கே கட்டளையிடுவது பலிக்காது. நினைக்கக் கூடாது என்று அழுத்தினால் அந்த நினைப்பு மேலும் மேலே வரும். அதற்குப் பதில் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். தினமும் மாலை 6.30லிருந்து 20 நிமிடம், ஒரே இடத்தில், படுக்கை அறைக்கு வெளியே. பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இடது பக்கம் கவலையும் வலது பக்கம் அடுத்த அடியும் எழுத வேண்டும். வலது பக்கம் எழுதும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ‘பணம் ஏற்பாடு செய்ய வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. ‘நாளை காலை 11 மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்பது, ஒத்துக்கொள்ளாவிட்டால் மாலையில் சின்ன மாமாவிடம் பேசுவது’ என்று எழுதினால் மூளை அதை ராத்திரி முழுக்க ஏந்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் 2018ல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. அம்மாவின் பயாப்ஸி முடிவு மாதிரி, இன்று நம்மால் எதுவும் செய்ய முடியாத கவலை என்றால் வலது பக்கம் ‘வியாழக்கிழமை வரை காத்திருப்பது’ என்று எழுதலாம். அதுவும் ஒரு முடிவுதான். ராத்திரி அதே நினைப்பு வரும்போது, ‘எழுதி வைத்தாயிற்று, நாளைக்கு 6.30க்கு’ என்று சொல்லித் தள்ளிப்போடப் பழக வேண்டும். பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

காபி விஷயத்தில் கறாராக இருப்பது நல்லது. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. 5 மணி டிகிரி காபியின் பாதி, ராத்திரி 10 மணிக்கும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மதியம் 2 மணியோடு நிறுத்தலாம். டீக்கும் இதே விதிதான்.

தூங்கப் போகும்போது உடம்பின் உள் வெப்பம் இறங்க வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாததால் அது இறங்குவதில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடுகளில், பகலில் கான்கிரீட் குடித்த வெயில் நள்ளிரவு வரை கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தளத்துக்கு வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடிப்பது, படுக்க ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பது, மின்விசிறிக் காற்று நேராகப் படும்படி படுப்பது எல்லாம் உதவும். காலையில் எழுந்ததும் 20 நிமிடம் வெளிச்சத்தில் நடப்பதையும் விட்டுவிடாதீர்கள். மெரினாவோ தெருவோ மொட்டை மாடியோ, எதுவும் சரிதான்.

அல்பிரசோலம், குளோனாசிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டில் வாங்கிச் சாப்பிடுவதை ஒருபோதும் செய்ய வேண்டாம். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மது சீக்கிரம் தூங்க வைக்கும். பின்பாதி இரவை உடைத்துவிடும்.

பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால், படுத்தால் கால் குடைச்சல் எடுத்தால், இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் மனம் கனத்தால், மேலே சொன்ன முறைகளுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. வாழ வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

சரியாகிவிட்ட தூக்கம் மறுபடி கெடும். புதுக் கவலை ஒன்று வந்தே தீரும். அப்போது முதல் மூன்று இரவுகளுக்கு எதையும் மாற்றாதீர்கள்: முன்கூட்டிப் படுக்க வேண்டாம், எழும் நேரத்தைத் தள்ள வேண்டாம், மதியம் தூங்க வேண்டாம். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். ஒரு வாரம் தாண்டியும் இழுத்தால் பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டு, எழும் நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு படுக்கும் நேரத்தை மட்டும் அதற்கேற்பப் பின்னால் தள்ளுங்கள்.